ஒரு வருஷ விடுப்பு

செந்தூர்பாண்டி அலகு குத்திக்கொண்டது அம்மனுக்காக அல்ல. அது அவருக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரியும்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவர் போர்மேன். வயது ஐம்பத்தொன்று. ஓ நெகட்டிவ் ரத்தம். நூறு பேரைப் பிடித்தால் ஒருத்தரிடம் இருக்கும். அந்த ஒருத்தரும் ஊசி என்றால் ஓடுகிறவராக இருப்பார். செந்தூர்பாண்டி ஓடாதவர். இருபத்தாறு வருஷம் ஓடவில்லை.

அவருடைய செல்போன் எண்ணை டீக்கடைச் சுவரில் யாரோ ஆணியால் கீறி வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களிடம் இருந்தது. பிரசவ வார்டில் கூட்டிப் பெருக்குகிறவளிடம் இருந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போயிருக்கிறார். மகள் பிரீத்திகாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில் பிள்ளை அழுதது அவருக்குத் தெரியாது. அவர் மதுரையில் கையை நீட்டிப் படுத்திருந்தார். ஐம்பதாவது தடவைக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மனைவி செல்லக்கனி அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்கப்புறம் அவர் எண்ணவில்லை.

ரத்தம் போவதில் அவருக்கு அசதி இல்லை. அது ஊறிவிடும். அசதி வேறு இடத்தில் இருந்தது. தீக்காய வார்டுக்குக் கொடுத்த ரத்தம் பெரும்பாலும் திரும்பி வீட்டுக்கு வருவதில்லை. பிறகு அந்த வீட்டு ஆட்கள் சந்தையிலோ பஸ்சிலோ அவரைப் பார்ப்பார்கள். பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். "ஒங்க ரத்தம் ரெண்டு நாள் பேச வச்சுச்சு அண்ணாச்சி" என்பார்கள். அவர் தலையாட்டுவார். வேறு என்ன செய்வது என்று ஒருநாளும் அவருக்குத் தெரிந்ததில்லை. அப்படிப் பிடித்த கைகள் சேர்ந்துகொண்டே போயின.

முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. காய்ச்சல் என்று ஒரு பொய் சொல்லலாம். அதுவும் வராது.

போன தை மாதம் விருதுநகர் ரத்த வங்கியில் அவருக்கு முன்னால் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். படிவம் நிரப்புகிற பொன்னுத்தங்கம் அவனைக் கேட்டாள்: பச்சை குத்தியிருக்கிறாயா, காது மூக்கு குத்தினாயா, அலகு ஏதாவது? அலகு என்றான் அவன். பேனாவை மூடி வைத்துவிட்டாள். "ஒரு வருஷம் கழிச்சு வாங்க தம்பி. ஊசி, கம்பி எதுவும் ஒடம்புல ஏறியிருந்தா எடுக்க மாட்டோம். சட்டம்." அவன் எழுந்து வெளியே போனான். செந்தூர்பாண்டி அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். லேசாக நடந்து போனான்.

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் அம்மன் கோவிலில் அவர் வாயலகு குத்திக்கொண்டார். இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வெளிவரும் சின்னக் கம்பி. சாமி கும்பிட இழுத்தால்கூட வராத மனுஷன். செல்லக்கனி தெருவில் நின்று அழுதாள். என்ன வேண்டுதல் என்று கேட்டாள். அவர் வாயில் கம்பி இருந்தது. பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு போன் வந்தால் சொல்ல அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "அலகு குத்தியிருக்கேன். ஒரு வருஷம் எடுக்க மாட்டாக." எதிரில் இருப்பவர்கள் வாக்குவாதம் செய்யவில்லை. அம்மன் காரியம், சரி என்று வைத்துவிட்டார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஐந்து மாதம் அவர் நன்றாகத் தூங்கினார்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, வாட்ச்மேன் ஜெயபாண்டி மருந்து அடைக்கிற செட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டான். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாருடையதும் வாசலில் அவனுடைய மரப்பெட்டியில் கிடக்கும்.

"அண்ணாச்சி, ஒங்க போனு பெட்டிக்குள்ள கெடந்து கத்துது. பதினோரு தடவ. பெட்டியே எந்திரிச்சு நடந்துரும் போலருக்கு."

"யாரு?"

"இருளாண்டி. இப்ப போனு வேண்டாம். ஆளே வந்து நிக்கான்."

இருளாண்டி அதே ஆலையில் லோடு ஏற்றுகிறவர். ரெண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. வாசலில் சட்டைப் பொத்தானைத் தப்பாக மாட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, எழிலப் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கு. நஞ்சுக்கொடி கீழ எறங்கிக் கர்ப்பப்பை வாய அடச்சிருக்காம். காலையில ரத்தம் பட்டுருச்சு. நாளைக்கு ஒம்பது மணிக்குக் கீறி எடுக்கணும்ங்காக. ரெண்டு பை ரத்தம் கையில இருந்தாத்தான் கத்தியத் தொடுவோம்ங்காக."

எழில் இருளாண்டியின் ஒரே மகள். முதல் பிரசவம். கல்யாணத்துக்கு செந்தூர்பாண்டி போயிருந்தார்.

"ஸ்டாக்கு இல்லியாமா?"

"மருதையில இருந்து ஒண்ணு வருது. இன்னொண்ணு எங்கிட்டும் இல்ல. ஒங்க குரூப்பு அண்ணாச்சி." சொந்த ஊரைச் சொல்வதுபோல் சொன்னார். "எங்க வீட்டுல யாருக்கும் இல்ல. இவளுக்கு மட்டும் எங்கன இருந்து வந்துச்சோ. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கொடுத்துறணுமாம். அதுக்கு மேலன்னா டெஸ்டு பாக்க நேரம் பத்தாதாம்."

செந்தூர்பாண்டி தன் வாக்கியத்தைச் சொன்னார்.

இருளாண்டி அவருடைய கன்னத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கன்னத்தை நோக்கிக் கைகூப்பினார்.

"அட, ஆமால்ல. நானும் வந்து பாத்தேனே. கூட வேப்பிலை ஏந்திக்கிட்டு நடந்தேனே. புத்தியில்லாமப் போச்சு. மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"அதுக்கில்லப்பா…"

"அம்மனுக்குக் கொடுத்தத யாரு கேக்க முடியும். அவ பாத்துக்கிடுவா." திரும்பி நாலு எட்டு வைத்தவர் நின்றார். "ஒங்களுக்கு வேற ஆள் யாராச்சும் தெரியுமா? இதே குரூப்புல?"

"தெரியலயேப்பா" என்றார் செந்தூர்பாண்டி.

இருளாண்டி போன பிறகு ஜெயபாண்டி பெட்டியைப் பூட்டினான். "எனக்கு பி பாசிட்டிவ். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நின்னு கூவுனாலும் சீந்த ஆள் கிடையாது. ஒங்களுக்கு இப்படி. எல்லாம் பொறப்பு" என்றான்.

தெரியலயேப்பா என்பது பொய். பிரீத்திகா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். ஓ நெகட்டிவ் என்று போட்டிருந்தது. அப்போதே அவர் ஏழு வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். செல்லக்கனி மயக்கத்தில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்குப் படிவம் கொடுத்தபோது அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டார். சிவகாசியில் அச்சடித்தவன் மற்ற பிள்ளைகளுக்குப் போட்ட மாதிரி ஓ பாசிட்டிவ் என்று போட்டுவிட்டான். அவர் திருத்தவில்லை. பன்னிரண்டு வருஷம் அந்தப் பிள்ளை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனது. அவளும் அதைத்தான் நம்பினாள்.

அவளுக்கு இப்போது பத்தொன்பது.

திரும்பி செட்டுக்குப் போனார். உள்ளே நாலு பேர் வேலை பார்த்தார்கள். வாசலில் நின்றார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவனை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவளை, அவர் வெடிமருந்தைத் தொட விடமாட்டார். மனசு வேறு எங்கோ இருக்கிறவர்களை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவார். அதில் யாருக்கும் சலுகை கிடையாது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு இன்னொரு போர்மேனைக் கூப்பிட்டுப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, மேனேஜரிடம் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்தார்.

சிவகாசி தாண்டி ஆமத்தூர் வழியாகத்தான் விருதுநகர் போக வேண்டும். ஆமத்தூரில் அவர் வீடு. ரோட்டிலிருந்து பார்த்தால் மாடியில் காயும் துணி தெரியும். பிரீத்திகாவின் நீலச் சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தவில்லை. தானே கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனார். ஐந்து மாதம் ஆகிவிட்டது. தழும்பு ஒரு கடுகு அளவுதான்.

ரத்த வங்கியில் பொன்னுத்தங்கம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்தாள். பதினைந்து வருஷப் பழக்கம்.

"வாங்கண்ணாச்சி. காணவே காணோம். எங்கள மறந்துட்டீகன்னு நெனச்சேன்."

"எழில்னு ஒரு பிள்ள. பிரசவ வார்டு. அதுக்குக் கொடுக்கணும்."

அவள் படிவத்தை எடுத்தாள். வழக்கமாக அவரிடம் கேள்விகள் கேட்பதில்லை. அவளே டிக் அடித்துக்கொண்டு போவாள். இன்று பாதியில் பேனா நின்றது.

"கன்னத்துல என்ன?"

"முகம் வழிக்கையில கீறிருச்சு."

"ரெண்டு பக்கமுமா?"

"ஆமா."

"ஒரே எடத்துல?"

அவர் கன்னத்தைத் தடவினார்.

"இந்தக் கன்னத்துல விட்ட பிளேடு அந்தக் கன்னத்துல வந்துச்சா அண்ணாச்சி?"

பக்கத்து மேசையில் இருந்த லேப் பையன் சிரித்தான். செந்தூர்பாண்டியும் சிரித்தார். சிரிப்பு நின்றதும் சொன்னார். "அஞ்சு மாசமாச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. டெஸ்டு பண்ணித்தானே ஏத்துவீக."

"டெஸ்டுல தெரியாம ஒளிஞ்சு கெடக்கிற காலம் ஒண்ணு இருக்குண்ணாச்சி. அதுக்குத்தான் வருஷக் கணக்கு. ஒரே கம்பிய எத்தன பேருக்குக் குத்துனாகளோ. நான் எடுத்து, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கும் அது வயித்துல இருக்கிறதுக்கும் ஏதும் ஒண்ணு ஆச்சுன்னா?" படிவத்தைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். "காலையில இருந்து நாப்பது பேருக்குப் போன் அடிச்சேன். ஒருத்தர் துபாய். ஒருத்தருக்கு சுகர். ஒருத்தர் செத்து ரெண்டு வருஷமாச்சாம். அவுக வீட்டம்மா என்கிட்ட அரைமணி நேரம் அழுதாக. ஒங்க நெனப்பு முதல்ல வந்துச்சு. ஒங்கள நேர்ல பாக்கப் போறேன்னு இருளாண்டிதான் கெளம்புனாரு."

அவளும் களைத்துத்தான் இருந்தாள். அதை அவர் அதுவரை கவனித்ததில்லை.

வெளியே வராந்தாவில் வேலுத்தாய் இருந்தாள். இருளாண்டியின் மனைவி. பக்கத்தில் அவளுடைய தம்பி பாலகுரு. அவரைப் பார்த்ததும் வேலுத்தாய் எழுந்தாள்.

"எதுக்கு இம்புட்டுத் தூரம் அலையுதீக அண்ணாச்சி? கொடுக்க முடியாதுன்னு அவுக சொன்னாக. நீங்க வந்து நின்னதே போதும். சாப்பிட்டீகளா?"

"ஆச்சு."

"பொய்யி. மூஞ்சி வத்திக் கெடக்கு." தூக்குவாளியைத் திறந்தாள். இட்லி இருந்தது. "அவளுக்குன்னு கொண்டாந்தேன். வெறும் வயிறா இருக்கணும்னுட்டாக."

"நம்ம வீட்டு இட்லிய அண்ணாச்சிக்குக் கொடுக்குறியாக்கும்?" என்றான் பாலகுரு. அவரைப் பார்க்காமல்தான் சொன்னான். "எங்க தெருவுல பாதிப் பேரு ஒடம்புல அண்ணாச்சி ரத்தம் ஓடுது. ஒரு டீ குடிக்கத் தெருவுக்குள்ள வந்தது கெடையாது."

"சும்மா கெடலே" என்றாள் வேலுத்தாய்.

"உள்ளதச் சொன்னேன்."

செந்தூர்பாண்டி பெஞ்சில் உட்கார்ந்து இட்லியை வாங்கிக்கொண்டார். ரெண்டு சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். பாலகுரு சொன்னது சரி. அழைத்தபோதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். வீட்டுக்கு யாரும் அழைக்கவில்லை, அவரும் போகவில்லை.

"பயமா இருக்கு அண்ணாச்சி" என்றாள் வேலுத்தாய், தூக்குவாளியை மூடிக்கொண்டே. "காலையில அவ சேலைய நான்தான் அலசுனேன். எம்புட்டுத் தண்ணி ஊத்தியும் செவப்பு போகல."

மணி ஒன்றேகால்.

செல்லக்கனி அவரை அந்த நேரத்தில் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்ததும் முதலில் அவருடைய கையையும் காலையும் பார்த்தாள். பட்டாசு ஆலைக்குப் போகிறவர் வீட்டில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றார். "பாப்பா எங்க?"

பிரீத்திகா தரையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் படிப்பு விடுமுறை. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே, எழிலுக்கு நடப்பதைச் சொன்னார். பிறகு பள்ளிக்கூட அட்டையில் போட்டிருந்த ரத்த வகை தப்பு, அவளுக்கும் ஓ நெகட்டிவ்தான் என்றார். பிறகு அது தனக்குத் தெரியும் என்றார்.

மிக்ஸியில் பாதி அரைத்த சட்னி இருந்தது.

"எப்ப இருந்து தெரியும்?" என்றாள் செல்லக்கனி.

"பொறந்த அன்னைல இருந்து."

"பத்தொன்பது வருஷம். எங்கிட்டக்கூடச் சொல்லல."

"சொன்னா நீ யார்ட்டயாச்சும் சொல்லிருவ. பெருமையாச் சொல்லுவ. அப்பா மாதிரியேன்னு. அன்னைக்கே இவ நம்பரையும் சுவத்துல கீறிருவாக."

"அதுக்குன்னு… ரோட்டுல அடிபட்டுக் கெடந்தா அட்டையப் பாத்து மாத்தி ஏத்திருந்தா?"

"ஏத்துறதுக்கு முன்னால பாப்பாக. பாக்காம ஏத்த மாட்டாக." இதை இத்தனை வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தவர். சத்தமாகச் சொன்னபோது அவ்வளவு உறுதியாக இல்லை.

"சரி, நீங்க போய்க் கொடுக்கிறதுக்கு என்ன? அலகுதான. அம்மன் காரியத்துக்குப் பண்ணதுன்னு சொன்னா விடமாட்டாகளா?"

செந்தூர்பாண்டி சுவரைப் பார்த்தார். இதற்கு மேல் மறைக்க அவருக்குத் தெம்பு இல்லை. "அம்மன் காரியத்துக்குப் பண்ணல" என்றார். "எடுக்க மாட்டாகன்னு தெரிஞ்சுதான் பண்ணேன். ஒரு வருஷம் யாரும் கேக்காம இருக்கட்டும்னு."

செல்லக்கனி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ரத்த வகைக்கு வராத கோபம் இதற்கு வந்தது.

"நான் மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சனே. ஒங்க வேண்டுதல் எதுவோ அது நடக்கணும்னு வெள்ளிக்கிழமை தவறாம வெளக்குப் போட்டனே. தெருவுல நின்னு அழுதனே எல்லாரும் பாக்க. லீவு போடுறதுக்கா அம்மன் வாசல்ல போயி நின்னீக? கம்பெனியிலயா லீவு கேட்டீக?"

"கேட்டா யாரு தந்தா?"

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான? போன நான் எடுத்துருப்பேன். மனுசனுக்கு முடியலன்னு நான் சொல்லியிருப்பேன்ல?"

அது அவருக்குத் தோன்றவே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிரீத்திகா புத்தகங்களை மூடி அடுக்கினாள். "எத்தன மணிக்குள்ளப்பா?"

"அஞ்சு. இங்க பாரு, ஒனக்கு இஷ்டம் இல்லேன்னா வேண்டாம். யாருக்கும் தெரியாது. நான் போயி ஆள் கெடைக்கலன்னு சொல்லிருவேன்."

"நீங்களா? சொல்லிருவீங்களா?"

அவர் கீழே கிடந்த பேனாவை எடுத்துப் புத்தகத்தின்மேல் வைத்தார்.

"எனக்குத் தெரியும்லப்பா இப்ப" என்றாள். "தெரிஞ்சபிறகு எப்படி ஒக்காந்து படிக்கிறது?"

செல்லக்கனி உள்ளே போய் ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்தாள். மகள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு கணவரிடம், "அவ நாப்பத்தேழு கிலோதான். மயக்கம் கியக்கம் வந்துச்சு, ஒங்கள வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்றாள்.

மூன்றரை மணிக்குப் பொன்னுத்தங்கம் பிரீத்திகாவின் விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். எடை பார்த்தாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பன்னிரண்டரைக்கு மேல் இருக்க வேண்டும். பன்னிரண்டு புள்ளி எட்டு இருந்தது. வகை பார்த்த லேப் பையன் திரும்பிச் செந்தூர்பாண்டியைப் பார்த்தான். பொன்னுத்தங்கமும் எல்லாம் புரிந்துவிட்டது என்பதுபோல் ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

"போன் நம்பர்?"

"என் நம்பரப் போட்டுருங்க" என்றார் செந்தூர்பாண்டி.

"கொடுக்கிறவுக நம்பர்தான் போடணும் அண்ணாச்சி."

பிரீத்திகா தன் எண்ணைச் சொன்னாள். பத்து இலக்கத்தையும் தெளிவாக, இடைவெளி விட்டுச் சொன்னாள். பொன்னுத்தங்கம் எழுதினாள்.

"கூட வந்தவுக வெளிய இருங்க."

அவர் நகரவில்லை. தன்னைத்தான் சொல்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இத்தனை வருஷத்தில் அந்த அறைக்கு வெளியே அவர் காத்திருந்ததில்லை. எப்போதும் உள்ளே, கட்டிலில், கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வெளியே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாது.

வராந்தாப் பெஞ்சில் வேலுத்தாய் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தார். இருளாண்டி எதிரே சுவரோடு சாய்ந்து நின்றார். காலையில் தெரியாது என்று சொன்னதைப் பற்றி இருளாண்டி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாலகுரு மட்டும் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, போய் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

"இந்தாங்க" என்று ஒரு கப்பை நீட்டினான்.

கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. ரத்தம் போகிறபோது சத்தம் வராது. அது அவருக்குத் தெரியும். ஆனாலும் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். அவள் கையில் கொடுத்த பந்தைப் பிசைகிறாளா, பிசைய மறந்துவிட்டாளா. முதல் தடவை கண் இருட்டும். அதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டோமே. டீ ஆறியது. வேலுத்தாய் முந்தானையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். தன் கையும் வேட்டி நுனியைச் சுருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

பிரீத்திகா நடந்துதான் வந்தாள். முழங்கையில் பஞ்சும் பிளாஸ்திரியும். கையில் பிஸ்கட். வேலுத்தாய் எழுந்து அவளுடைய ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிரீத்திகாவுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிஸ்கட்டை நீட்டினாள். "நீங்க சாப்பிடுங்க பெரியம்மா."

"பாப்பா நம்பரக் கொடும்மா" என்றார் இருளாண்டி. "பிள்ள பொறந்ததும் ஒனக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

அவள் சொன்னாள். இருளாண்டி ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். செந்தூர்பாண்டி வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் துழாவினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போனார். போனை ஜெயபாண்டியின் பெட்டியில் போட்டார். ஒன்பது மணி ஆனது. பத்து ஆனது. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்; செட்டுக்குள் போகவில்லை. பத்தரைக்கு வாசலுக்கு வந்து பார்த்தார். அழைப்பு எதுவும் இல்லை.

"செத்துப் போச்சா இது?" என்றார் ஜெயபாண்டியிடம்.

"நல்லாத்தான் இருக்கு. ஒங்கள ஒருத்தரும் கூப்பிடல அண்ணாச்சி. இந்தப் பெட்டிக்கே இன்னிக்கு ஞாயித்துக்கிழமை மாதிரி இருக்கு."

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே ரோட்டோரம் போய் வீட்டுக்கு அடித்தார். பிரீத்திகா எடுத்தாள்.

"ஒம்பதே முக்காலுக்கே சொல்லிட்டாங்கப்பா. பொம்பளப் பிள்ள. ரெண்டாவது பை ஏறிக்கிட்டு இருக்காம். எழிலக்கா கண்ணு முழிச்சுப் பேசுனாங்களாம். நானும் அம்மாவும் சாயங்காலம் போறோம். ஒங்களுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"சரி" என்றார். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணுப்பா. சாத்தூர்ல இருந்து ஒருத்தர் கூப்பிட்டார். எழிலக்கா அப்பாகிட்ட நம்பர் வாங்குனாராம். அவரு மகனை லாரி அடிச்சிருச்சாம். நாலு மாசம் கழிச்சுத்தான் எங்கிட்ட எடுப்பாங்கன்னு சொன்னேன். அவரு அழுதாரு."

"ம்."

"நீங்கன்னா என்ன சொல்லிப் போன வைப்பீங்க?"

அவர் யோசித்தார். ஐந்து மாதமாக அவர் சொல்லி வைத்தது அவளுக்குத் தெரியும். அதற்கு முந்திய இருபத்தாறு வருஷத்தில் அவர் சொல்லி வைத்ததே இல்லை, எழுந்து போனார்.

"தெரியலம்மா" என்றார்.

"நான் வைக்கல. அவரா வைக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம்ப்பா." அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒரே காலையில். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். அது அவருடையது.

"அம்மாட்டப் போன கொடுத்துரு. இனி வந்தா அவ எடுக்கட்டும். நீ படி." பிறகு சொன்னார். "அந்த ஆள் நம்பர எனக்கு அனுப்பு."

"ஒங்களாலயும் கொடுக்க முடியாதேப்பா."

"கொடுக்க முடியாது. ராஜபாளையத்துல ஒரு வாத்தியாரு இருந்தாரு. கோவில்பட்டியில ஒரு நர்ஸு. பொன்னுத்தங்கம் நோட்டுல இருக்காகளோ என்னவோ. கேட்டுப் பாக்கிறேன்."

எண் வந்தது. ஒரு லோடு லாரி அவரைத் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"யாரு?" என்றது ஒரு ஆண் குரல்.

"செந்தூர்பாண்டி" என்றார்.

எதிர்முனையில் இருந்தவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. மூச்சுதான் கேட்டது.

"பிரீத்திகாவோட அப்பா பேசுறேன்" என்றார். "சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரி?"